சாயங்காலம் திரும்ப முடியாத ஊர்

டெல்லியிலும் இடம் கிடைத்துவிட்டது, சென்னையிலும் கிடைத்துவிட்டது. இரண்டும் பேர்போன பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் பொருளியல்தான். எது வேண்டும் என்று அன்று சாயங்காலத்துக்குள் இணையத்தில் சொல்லியாக வேண்டும். அம்மாவோ, "நீயே பாத்துக்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் எடுக்கும் நேரத்தில் ஒருநாள் போகாவிட்டாலும் எஸ்டேட்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் ஒரு பதில் வாங்காமல் விடுவதில்லை என்று நானும் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

போடியிலிருந்து மலைமேல் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில் காலை மாற்றி வைக்கக்கூட இடம் இருக்காது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும் முன்பே என் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"டெல்லின்னா குளிர்ல வெறைச்சுப் போவே புள்ள" என்றார் ஒரு அக்கா.

"சென்னையில மட்டும் குடிக்கத் தண்ணி கெடைக்குதாக்கும்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

டிரைவர் கருத்துச் சொல்லத் திரும்பினார். "நீ ரோட்டப் பாருண்ணே!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எதுல இருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்?"

ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் விடியலில் கேரளாவுக்குப் போய், இருட்டுவதற்குள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறவள் அவள். எவ்வளவு தூரம் போனாலும் சரி, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

"ரெண்டுல இருந்தும் முடியாதும்மா" என்றேன். அதற்குப் பிறகு அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாநில எல்லையான போடிமெட்டில் என்னை இறக்கிவிட்டு ஜீப் போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், செக்போஸ்ட் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். போனில் சென்னையை அழுத்தப் போய், அழுத்தாமல் மூடிவிட்டேன். டெல்லி என்றால் அம்மா முகம் வந்து நின்றது. உண்மையில் முதல் நாளிலிருந்தே எனக்கு டெல்லிதான் ஆசை. போய் வா என்று அவள் வாயால் சொல்லக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த அலைச்சலெல்லாம். வாங்கிய டீ ஆடை கட்டிக் கிடந்தது. டெல்லியை அழுத்திவிட்டேன்.

சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது. அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எது ஆத்தா?"

"டெல்லி."

"வந்து சேர எம்புட்டு நேரமாகும்?"

"ரெண்டு ராத்திரி ரயில்ல இருக்கணும்மா."

கீழே போடி தெரிகிற வளைவு வந்தது. அவள் ஜீப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீ வர்ற அன்னைக்கு நான் சோலிக்குப் போகமாட்டேன்."