தைல மெழுகுவர்த்தி ஏற்றிய கல்யாணம்

போன வாரம் என்னால் ஐந்து பேர் அழுதார்கள். ஒரு கல்யாணமும் நிச்சயமானது. இரண்டுக்கும் காரணம், நான் வீட்டில் செய்த மெழுகுவர்த்தி!

மல்லேஸ்வரத்தில் இப்போதெல்லாம் மாலை ஆறரை ஆனால் கரண்ட் போய்விடுகிறது. தினமும் கடையில் மெழுகுவர்த்தி வாங்கிக் கட்டுப்படியாகுமா? டிராயரில் கிடந்த துண்டு துக்கடாக்களைப் பழைய கிண்ணத்தில் போட்டு, வெந்நீரில் வைத்து உருக்கினேன். எண்ணெய் தடவிய டம்ளர்தான் அச்சு. முறுக்கிய பருத்தி நூல்தான் திரி. நிறத்துக்கு மகளின் உடைந்த கிரேயான்.

வாசனைக்கு? நம் பட்ஜெட்டில் ரோஜாவா, மல்லிகையா? அலமாரியில் நீலகிரித் தைலம் இருந்தது. "நாலு சொட்டு போதும்" என்றார் கணவர். அவர் சொல்லி என்றைக்குக் கேட்டேன்... அரை பாட்டிலைக் கவிழ்த்தேன்.

மறுநாள் மாலை கீழ்வீட்டு சரளா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நளினி, கேண்டில் இருந்தா குடுப்பா! எங்க வித்யாவப் பொண்ணு பாக்க வந்து உக்காந்திருக்காங்க. இந்தக் கரண்ட் போய்த் தொலைஞ்சுது!"

பெருமை தாங்கவில்லை எனக்கு. ஆறு மெழுகுவர்த்திகளை நானே எடுத்துப்போய் ஏற்றி வைத்தேன்.

ஐந்தே நிமிடம். மாப்பிள்ளையின் அப்பா கர்ச்சீப்பை எடுத்தார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சரளா முந்தானையைத் தேடினாள். அவள் கணவர், "கொஞ்சம் புழுக்கம்... ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பாதி கன்னடத்தில் சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

நான் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து வித்யா காபித் தட்டோடு வந்து, மெழுகுவர்த்திகளுக்கு முன்னால் குனிந்தாள். அவ்வளவுதான் — கன்னத்தில் தாரை தாரையாக நீர்!

ஜன்னலோரம் காற்றாட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "ஏம்மா அழற? இந்த இடம் உனக்குப் பிடிக்கலையா?"

வித்யா என்னைப் பார்த்தாள். 'எல்லாம் இந்த ஆன்ட்டியோட கேண்டில்' என்று சொல்லப்போகிறாள், மானம் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சொல்லவில்லை!

"உங்க பையனப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி," என்றாள் விசும்பியபடி. "ஆனா கல்யாணம்னா வேலைய விட்டுடணும்னு அப்பா சொல்லிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனில இப்பத்தான் ஆறு மாசமா..."

குரல் தழுதழுத்தது. தைலம் தொண்டையையும் விடாது!

அந்த அம்மாள் எழுந்துவந்து அவள் கண்ணைத் துடைத்தார். சரளாவின் கணவர் பக்கம் திரும்பினார். "வேலைய விடணும்னு நாங்க கேட்டமா சார்? நானே பேங்க்லதான் இருக்கேன். எதுக்கு இந்தப் பொண்ண இப்படி அழ வெக்கறீங்க?"

"அவ இஷ்டம்ங்க... வேலைக்குப் போகட்டும்" என்று மனிதர் நீர் வழியும் கண்களோடு தலையாட்டினார். பார்த்தவர்கள், மகள்மீது என்ன பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

வித்யா என்னைப் பார்த்து ஈரக் கண்ணால் கண்ணடித்தாள்.

பிறகுதான் தெரிந்தது: மூன்று மாதமாக அப்பாவிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறாள் அந்தப் பெண். அவர் காதிலேயே விழவில்லை. நம் வீடுகளில் பெண்கள் பேசினால் கேட்காதது, அழுதால் மட்டும் கேட்டுவிடுகிறதே... ஏன்?

மறுநாள் மிச்ச மெழுகுவர்த்திகளைத் திருப்பிக் கேட்கப் போனேன்.

"தர மாட்டேன் ஆன்ட்டி," என்றாள் வித்யா. "மாமியார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்!"