எக்ஸ்ரே அக்காவின் கட்டைவிரல்

வந்த சைக்கிளின் பெயரை அக்கா முதலில் மூடிவிடுவார். தோளில் கிடக்கும் பழைய துண்டை எடுத்து, எழுத்து இருக்கும் குழாயைச் சுற்றி ஒரு முடிச்சு. கொண்டுவந்தவர் "இத்தாலி சைக்கிள்க்கா, பெரிய கம்பெனி" என்று ஆரம்பித்தால் கையமர்த்துவார். "பேரை அப்புறம் பார்ப்போம். பேரைப் படிச்சுட்டா கண்ணு அதுக்கு ஜால்ரா போட ஆரம்பிச்சுடும்." பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவரிடம் பேச்சுக் கொடுப்பது வீண்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்றுதான் பெயர். வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். சனிக்கிழமை வந்தால் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முன்னறையில் பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள்களை ஆராய்ந்து, எது அசல், எந்த வருஷத்தது, என்ன விலை போகும் என்று எழுதிக்கொடுக்கிறார். அதே அறையின் மறுகோடியில் கணவரின் தையல் மெஷின். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இதுல கால்வாசி உத்துப் பார்த்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்" என்பார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி. "பார்த்தேன். சின்ன டேமேஜ்தான், ஓட்டிக்கலாம்னு எடுத்துக்கிட்டேன்" என்று கவிழ்ந்த சைக்கிளுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

இந்த வித்தை ஏமாந்ததில் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் 'அசல் இத்தாலி' என்று சொல்லி ஒரு சைக்கிளை அவர் தலையில் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் மழையில் ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் வேறொரு ஸ்டிக்கர். இன்னொருவராக இருந்தால் விற்றவனைத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பார். அக்கா பழைய விலைப்பட்டியல்களைத் தேடித் தேடி வாங்கினார். இத்தாலிய மொழியில் இருந்ததை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தார். "ஃபீஸ் கட்டியாச்சு. படிக்காம விட்டா அதுவும் சேர்த்து நஷ்டம்தானே?" இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தப் போலி சைக்கிளில்தான், முன்னால் ஒரு காய்கறிக் கூடையை மாட்டிக்கொண்டு.

பெடல் அச்சு ஓடும் குழலின் அகலத்தை முதலில் அளப்பார். எழுபது மில்லிமீட்டர் இருந்து, இரண்டு பக்க மரையும் ஒரே திசையில் சுற்றினால் முகத்தில் லேசாக வெளிச்சம் வரும். மற்ற நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் அது இரண்டு மில்லிமீட்டர் குறைவு. சக்கர அச்சின் நட்டில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் வருஷத்தை லென்ஸ் வைத்துத் தேடுவார். குழாய்கள் கூடும் மூட்டுகளின் விளிம்பை நகத்தால் வருடுவார். "பாருங்க, நகம் தடுக்கவே இல்லை. அரத்தை வெச்சு ஒருத்தன் நாள் பூரா ராவியிருக்கான். அவன் பேரு எந்த ஸ்டிக்கர்லயும் இருக்காது." எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டைவிரல். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் மேலிருந்து கீழ்வரை மெல்லத் தடவிப் போவார். அந்த நேரத்தில் கணவர்கூட மெஷினை நிறுத்திவிடுவார்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. தான் விலை சொன்ன சைக்கிளைத் தான் வாங்குவதில்லை. "விலை சொல்ற வாய்க்கு ஆசை வரக் கூடாது." இரண்டாவது, கண்டதை மறைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவர் வாய் திறக்கக் கூடாது. எலும்பு இரண்டாக நின்றாலும் "டாக்டர் சொல்வாரு" என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். "அஞ்சு நாள் வாயைக் கட்டிக்கிறேன். சனிக்கிழமை நான்தான் டாக்டர்."

போன மாதம் ஒரு டாக்ஸி டிரைவரும், நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியும் ஒரு நீலச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனைவியின் அப்பாவுடையது. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இளமையில் இத்தாலித் துறைமுகம் ஒன்றில் வாங்கிக் கொண்டுவந்தாராம். இப்போது எழுபத்தெட்டு வயது, மகளோடு இருக்கிறார். சின்ன வீட்டுக்கு மாறப்போகிறார்கள், இடமில்லை. "தூக்கிப் போடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். பழைய சாமான் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் போலி, இரும்பு விலைதான் தேறும் என்றிருக்கிறார்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா நிமிர்ந்தார். துண்டை அவிழ்த்தார். "கடைக்காரர் சொன்னது சரிதான். ஸ்டிக்கர் டூப்பு."

டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஆனா சைக்கிள் டூப்பு இல்லை. ஏதோ ஒரு சின்னப் பட்டறையில கையால செஞ்ச இத்தாலி ஃபிரேம். எழுபத்திரெண்டுல வந்தது. யாரோ பெருமைக்காகப் பெரிய பேரை ஒட்டியிருக்காங்க. இதுக்கு அது தேவையே இல்லை. எல்லாம் சரியா இருந்தா ஒரு நல்ல ஸ்கூட்டர் விலை போகும். இருங்க, இன்னும் முடியலை."

கட்டைவிரல் புறப்பட்டது. ஹேண்டில் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சாய்ந்த குழாயின் அடிப்பக்கத்தில் நின்றது. பின்னால் போய், மறுபடி வந்து, மறுபடி நின்றது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். பெயின்ட்டுக்குள் ஓர் அரிசி உயரத்துக்குப் புடைப்பு. அதன் நிழல் தெரிந்தது.

"முன்னாடி எதுலயோ பலமா மோதியிருக்கு. பாதி விலைதான்."

"பாதி ஸ்கூட்டரா? ஒத்தைச் சக்கரத்துல எப்படிக்கா ஓட்டுறது?" டிரைவர் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. "எங்க கண்ணுக்கே தெரியலையே. அதை மட்டும் எழுதாம விட்டுடுங்களேன்க்கா."

"விட்டுடலாம். வாங்கினவன் மலை இறக்கத்துல போறப்போ இது மடங்கினா, அவனை எக்ஸ்ரே எடுக்க என்கிட்டதான் கொண்டுவருவாங்க. நான் அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே."

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அக்கா சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். இடது பிரேக் பிடியின் முனை மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. இடது பெடலின் ஓரமும் அப்படியே. சற்று யோசித்தார். பிறகு தன் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார்.

"உங்க அப்பாவுக்கு எப்பவாவது இந்தக் காறை எலும்பு உடைஞ்சிருக்கா?"

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ரேஸ்ல விழுந்தேன்னு சொல்வாரு. நாங்க யாரும் நம்பினதில்லை. 'அண்டா தூக்கித் தூக்கி இறங்கின தோளு, இதுல ரேஸ் வேறயா'ன்னு அம்மா கடைசி வரைக்கும் கிண்டல் பண்ணுவாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் அவரு சொல்றதையே விட்டுட்டாரு."

"ரேஸான்னு எனக்குத் தெரியாதும்மா. இரும்பு அவ்வளவெல்லாம் பேசாது" என்றார் அக்கா. "ஆனா நல்ல வேகத்துல போயிருக்காரு. இடது பக்கமா விழுந்திருக்காரு. மெதுவா போறவங்களால இப்படி விழ முடியாது."

அந்தப் பெண் குனிந்து, அக்கா தொட்ட இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"விக்க வேணாம்" என்றார் கணவரிடம், நிமிராமலே.

"எங்க வெக்கிறது?"

"எங்கயும் வெக்க வேணாம். நான் வேலைக்கு ஓட்டிட்டுப் போறேன். தினமும் அப்பா கண்ணு முன்னாடி எடுத்துட்டுப் போறேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சரி. கடைக்காரர்கிட்ட விக்கலைன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஓட்டினா ஒண்ணும் ஆகாதேக்கா?" என்று கேட்டார்.

"விரிசல் இல்லை. சமமான ரோட்டுல தாராளமா போகலாம். இறக்கத்துல மட்டும் பறக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்க."

மதிப்புத் தாளில் பாதி விலையையே எழுதினார். 'முன்பக்க மோதல், பழையது' என்பதையும் எழுதி, அடியில் கையெழுத்திட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை அளந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நட்டைத் தளர்த்தினார். உயரமான ஒரு மனிதருக்கென்று ஐம்பது வருஷமாக நின்ற சீட்டை, இரண்டு கையாலும் பிடித்துத் திருகித் திருகி, நான்கு விரல் கீழே இறக்கினார்.