முதல் பந்தியில் அம்மா

அட்டைப்படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் தெரிவதைச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது கடையின் பெரிய அண்டா, கவிழ்த்து வைத்தது. படம் எடுத்தவர் அதைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டபோது, "அது இருக்கட்டும், வோணும்னா நான் நவுர்றேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். இந்த நினைவு மலருக்காகத் தம்பி வேறு எத்தனையோ படங்களைக் காட்டினான். இதைத் தவிர எதுவும் அம்மாவைப் போல இல்லை.

அம்மா பிறந்தது ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. மணலூர்பேட்டையில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். என் காதுகுத்துக்குச் சமைக்கப் பெரிய பாத்திரம் இல்லாமல், ஊரில் வசதியான வீடுகளின் வாசலில் போய் நின்றார். ஒரு வீட்டில் கொடுத்தார்கள். "நசுக்காம கொண்டாந்து குடு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சொல் அம்மாவை விடவேயில்லை. கரும்பு வெட்டப் போன கூலியைச் சேர்த்து வைத்துத் திருவண்ணாமலைக்குப் போனார். ஓர் அண்டாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அது எங்கள் வீட்டு வாசற்படியில் நுழையவில்லை. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாடி இது, நம்ம வூட்டு ஜனம் மொத்தத்தையும் உள்ள போட்டு மூடிடலாம் போலக்குதே."

"ஊரு ஜனத்துக்கு ஆக்கிப் போடறதுக்குங்க" என்றார் அம்மா.

அந்த ஒற்றை அண்டாவில் தொடங்கியதுதான் வாடகைப் பாத்திரக் கடை. பிறகு குண்டான், தவலை, வாளி, கரண்டி என்று பெருகியது. அப்பா காலமான பிறகும் ஒரு முகூர்த்த நாளில்கூடக் கடை மூடியதில்லை. கல்வராயன் மலைக் கிராமங்களுக்கும் ஜீப்பில் எங்கள் அண்டாக்கள் ஏறின.

அம்மா வைத்திருந்த முறை உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்கு ஏனம், அதாவது பாத்திரம், வெறுமையாகப் போகும். திரும்பி வரும்போது அதில் ஒரு பிடி அரிசியோ, வெற்றிலை பாக்கோ, இரண்டு லட்டோ இருக்கும். அண்டாவின் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கொண்டாட்டம். துக்க வீடு என்றால் எல்லாம் தலைகீழ். அண்டாவின் அடியில் அரிசியைக் கொட்டி, மேலே பருப்பும் காய்கறியும் வைத்து, மூடி அனுப்புவார். வாடகை கிடையாது. திரும்பும்போது எதுவும் போடக் கூடாது. "எழவு வூட்ல எவ போயி அரிசியத் தேடிக்கினு இருப்பா?" என்பார். வேறு விளக்கம் சொன்னதில்லை.

முட்டி தேய்ந்து நடக்கச் சிரமப்பட்டபோது, தம்பியும் நானும் பேசிப் பேசியே கடையை விட வைத்தோம். அதே தெருவில் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சுமதி எடுத்துக்கொண்டாள். அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"மணலூர்பேட்டைக்குத்தான். ரேசன் கார்டு விசயமா."

ரேஷன் கார்டு என் பீரோவில் இருந்தது. அடுத்த முறை கண் டாக்டரைப் பார்க்க என்றார், கள்ளக்குறிச்சியில் கண் டாக்டரே இல்லாதது போல. எந்தக் காரணம் சொல்லிக் கிளம்பினாலும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடையில் தன் பழைய நாற்காலியில்தான் போய் உட்காருவார். வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவிடமே பேசுவார்கள். சுமதி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பாள்.

அம்மா நோட்டில் எதையும் எழுதியதில்லை, எல்லாம் வாய்ச்சொல்தான். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்ல, பழக்க தோஷத்தில், "பெரிய அண்டா ஒனக்குத்தான், போ" என்று சொல்லிவிட்டார். சுமதியோ அதை முன்பே வேறு வீட்டுக்குப் பேசி வைத்திருந்தாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரண்டு வீட்டு வண்டிகளும் கடை வாசலில் வந்து நின்றன. சுமதி அலையாய் அலைந்து, திருக்கோவிலூரிலிருந்து ஓர் அண்டாவை வரவழைத்து மானத்தைக் காப்பாற்றினாள். பிறகு அம்மாவிடம் வந்தாள்.

"அத்த, இது ஒங்க கடையா, ஏங் கடையா? ஒங்களுதுன்னா இந்தாங்க, சாவியப் புடிங்க. இப்பிடி ரெண்டுங்கெட்டானா என்னால ஓட்ட முடியாதுங்க."

அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை. நான் தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தபோது சொன்னார்: "அவ கேட்டது நாயந்தான் பாப்பா. ஆனா காலையில எழுந்தா நான் யாருன்னே எனக்குத் தெரியல." எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டிக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா மணலூர்பேட்டைப் பக்கமே போகவில்லை. சோதனை என் சமையலறைக்கு வந்தது. ஒருநாள் பார்த்தால் குக்கரைக் காணோம். "எதிர் வூட்ல சொந்தக்காரங்க வந்துகிறாங்க, குடுத்தேன்" என்றார். பிறகு இட்லிக் குண்டான் போனது, மாவுச் சட்டி போனது. என் வீட்டுக்காரர் நாளுக்கு நாள் உப்புமாவே தின்று முகம் சுண்டிப் போனார். குக்கர் திரும்பி வந்தபோது அதற்குள் முருங்கைக்காய் இருந்தது. இட்லிக் குண்டானுக்குள் அதிரசம். மூடியைத் திறந்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. நாங்கள் சமைக்கத் தனியாக இன்னொரு குக்கர் வாங்கிக்கொண்டோம்.

இப்படி இருந்தபோது ஒருநாள் சுமதி வந்தாள், கூடவே மலைமேல் இருக்கும் ஒரு பழைய வாடிக்கைக்காரரும். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க வூட்டு விசேசம் அத்தினிக்கும் நீங்கதான் ஏனம் குடுத்தீங்க. ஒரு வாட்டிகூட எலையில ஒக்காந்து சாப்புடலியேம்மா."

உண்மைதான். எந்தக் கல்யாணத்திலும் அம்மா அடுப்பு ஓரம் நின்று, பாத்திரமெல்லாம் வண்டி ஏறிய பிறகுதான் ஏதோ கையில் வாங்கித் தின்பார்.

"டெம்போவுல முன் சீட்டு ஒங்களுக்குத்தாங்க அத்த" என்றாள் சுமதி. "ஆனா எறங்கினா ஏனத்துப் பக்கம் வரக் கூடாது."

"வந்தா இன்னா பண்ணுவ?"

"ஒங்களுக்கு வாடகை போடுவேன்."

அம்மா சிரித்துவிட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மனத்தாங்கல் அத்தோடு தீர்ந்தது.

நானும் கூடப் போனேன். மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பாத்திரங்கள் உருண்டன. முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி மலைக்கு மேல் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்க்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே எங்களை உட்கார வைத்தார்கள். பின்னால் யாரோ அண்டாவின் அடியைக் கரகரவென்று சுரண்டினார்கள். அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. நான் கையைப் பிடித்தேன். "வுடுடீ, நான் ஒண்ணும் எழுந்திரிக்கல" என்றார். சாமைப் பாயசம் வந்தது. மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "நம்ம அண்டாவுல ஆக்கனா இவ்ளோ ருசியா இருக்கும்னு இத்தினி வருசம் தெரியாமப் போச்சே!" பந்தியே சிரித்தது.

அதன் பிறகு யார் பத்திரிகை வைத்தாலும் அம்மா முதல் பந்திதான். கடையைப் பற்றிப் பேசுவதே குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் அவ்வப்போது என்னிடம் கேட்பார்: "எழவு வூட்டுக்கு சுமதி எப்பிடி அனுப்பறாளோ?" கேட்டுச் சொல்லட்டுமா என்றால், "வாணாம், வாணாம். அது அவ கடை" என்பார்.

கடைசியில் காய்ச்சல் என்று படுத்தவர் அதிகம் கஷ்டப்படவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் பிளாஸ்க்கைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இரவல் கொடுத்தார். அது ஆப்பிளோடு திரும்பி வந்தது. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுமதிக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

அம்மா போன அன்றைக்கு நாங்கள் யாரும் கடைக்குச் சொல்லி அனுப்பவில்லை. டெம்போ தானாக வந்து நின்றது. பெரிய அண்டாவை இறக்கினார்கள். கனமாக இருந்தது. தம்பியும் நானும் மூடியைத் தூக்கினோம். மேலே பருப்பும் பூசணிக்காயும் வாழைக்காயும். அடியில் அரிசி. நான் சுமதியைப் பார்த்தேன்.

"இன்னாக்கா அப்பிடிப் பாக்கறீங்க? நம்ம கடையிலருந்து எப்பவும் இப்பிடித்தான போவுது" என்றாள்.

கேட்க அம்மா இல்லையே என்றுதான் அன்று நான் அதிகமாக அழுதேன்.

வருடம் திரும்பிவிட்டது. இன்றைய சாப்பாடும் அதே அண்டாவில்தான் ஆகிறது. வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். இது இனித் துக்க வீடு இல்லை. அண்டா இன்று வெறுமையாகத் திரும்பிப் போகாது.

மகள்