கணவர் பெயரும் மல்லாவி மாடும்

இன்று காலை ஐசியூ வாசலில் என் பெயரால் ஒரு பெரிய கலவரம்!

(போன வருடம்தான் எழுதப் படிக்கப் பழகினேன். போனில் ஒரு விரலால் தட்டி எழுதுகிறேன். காலையில் நடந்ததை இப்போதுதான் முடிக்கிறேன்!)

என் மனைவி சரஸ்வதிக்கு மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு.

வட்டக்கச்சியில் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றவள், "ஐயோ, தலை வெடிக்குது" என்று அப்படியே சரிந்துவிட்டாள்.

ஒப்பரேஷன் முடிந்து இன்று ஆறாம் நாள்.

"இனித்தான் கவனம் ஐயா. இந்த நாள்களில மூளைக்குப் போற இரத்தக்குழாய் சுருங்கப் பாக்கும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் மணிக்கு ஒரு தடவை கண்ணுக்குள் டோர்ச் அடிப்பார்கள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். கேள்வி கேட்பார்கள். பதில் பிசகினால் ஆபத்து.

நான் கதிரையில் இருப்பேன், எழும்புவேன், கண்ணாடியால் எட்டிப் பார்ப்பேன், திரும்ப இருப்பேன். (என்னைப் பார்த்துக் காவலாளிக்கே தலை சுற்றியது!)

இன்று புது நர்ஸ். கொழும்பில் வளர்ந்த பிள்ளை. கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

"சரஸ்வதி."

"இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

"ஆஸ்பத்திரியில. வேற எங்க?"

"கணவரின்ர பேர்?"

சத்தம் இல்லை.

"அம்மா, கணவரின்ர பேரைச் சொல்லுங்கோ."

சத்தமே இல்லை!

நர்ஸ் ஓடினார். டொக்டர் ஓடி வந்தார். "ஸ்கானுக்கு ஆயத்தப்படுத்துங்கோ" என்றார்.

பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

"பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ! உவ நாப்பத்தெட்டு வருசமா என்ர பேரைச் சொன்னதே இல்லை! புருசன்ர பேரைச் சொல்லக்கூடாது எண்டு வளந்த மனிசி!"

(கோயிலிலும் "முருகா" மட்டும்தான். "கந்தா" வராது. என் பெயர் கந்தசாமி!)

டொக்டர் சிரிக்கவில்லை. "அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதாவது கேளுங்கோ ஐயா."

கட்டிலடிக்குப் போனேன்.

"இஞ்சேரும், மல்லாவியில நான் வாங்கின மாடு நினைவிருக்கோ?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கறவாத மாடு. வேண்டாம் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! கேட்டனீங்களே?"

டொக்டர் கை, கால், கண் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். "இப்போதைக்குப் பயமில்லை. ஸ்கான் தேவையில்லை" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

நர்ஸ் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். யாரிடமும் கேட்காமல், எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்!

"கணவர் பெயரைக் கேட்க வேண்டாம். மாட்டைப் பற்றிக் கேட்கவும்."

ஆபத்து இன்னும் தாண்டவில்லை. அடுத்த கேள்விக்கு இருபது நிமிடம் இருக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் என்னைத் திட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கதிரையில் இருப்பேன்!