பதினோராம் மாடி ரெஜினா அக்கா

எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு அழைப்புக்கே உரிய அந்தச் சின்ன மௌனத்துக்குப் பிறகு ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "மாலா சித்தி, அம்மா போயிட்டாங்க." சந்தைக்குப் போய்த் திரும்பிய ரெஜினா அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோசை கருகிய வாடை வந்த பிறகுதான் ரிசீவரை இன்னும் கையில் பிடித்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

குரோம்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைத்து ஏற்றுமதி செய்த எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது அவர் வீடு தாம்பரம் பக்கம் கடப்பேரியில். கணவர் அருள்ராஜ் அண்ணன் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம், பாரிஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. எண்பதுகளின் நடுவில் அக்காவும் மகள் ஸ்டெல்லாவும் அவரிடம் போய்ச் சேரும்வரை தையல் பிரிவில் எனக்குப் பக்கத்து மெஷின் அக்காவுடையது. பேச்சில் அவரை ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. சூப்பர்வைசர் உட்பட.

கடப்பேரியில் ஒரு மே மாதம் தண்ணீர் லாரி வருவது நின்றுபோயிற்று. அக்கா தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் முடிச்சூர் சாலையில் குடங்களை வரிசையாக வைத்தார். வேடிக்கை பார்க்கப் போன நானும் மாட்டிக்கொண்டேன். வேப்பமர நிழலாகப் பார்த்து ஓரத்தில் உட்கார்ந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தார். "ஓரமா குந்துனா பிச்ச கேக்குறோம்னு நெனப்பான். நடுவுல குந்துடி." கோஷம் போட ஆரம்பித்த ஒரு பெண்ணையும் விடவில்லை. "கத்தாத. தொண்ட காஞ்சா குடிக்கத் தண்ணி கீதா?" இன்ஸ்பெக்டர் வந்து, "இதுக்கெல்லாம் யாரும்மா தலைவி?" என்று அதட்டினார். அக்கா முன்னால் இருந்த குடத்தைக் காட்டி, "இதாங் சார்" என்றார். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் லாரி வந்தது.

அக்கா பிரான்சுக்குப் போனதும் நாங்கள் எல்லாம் அவரை ஒரு மகாராணியாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோல் கண்காட்சி ஒன்றுக்காகக் கம்பெனி என்னைப் பாரிஸுக்கு அனுப்பியது. கண்காட்சி முடிந்த சனிக்கிழமை மாலை, அக்கா சொல்லியிருந்தபடி ரயில் ஏறிப் போனேன். நகரம் முடிந்த பிறகும் ரயில் போய்க்கொண்டே இருந்தது. இறங்கிய ஊரில் கோபுரமும் இல்லை, பூந்தோட்டமும் இல்லை. காலையில் பெரிய ஊருக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் பையும் களைப்புமாகத் திரும்பும் ஜனங்கள். தீப்பெட்டிகளை நிறுத்தி வைத்ததுபோல் உயர உயரக் கட்டடங்கள். நிலையத்துக்கு வந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடி, மூஞ்சி சுருங்கிப்பூட்ச்சி? பேருதான் பாரிஸு. இது அவங்க ஊரு தாம்பரம்."

வீடு பதினோராவது மாடியில். லிஃப்ட் பல வாரமாக ஓடவில்லை. நான் மூச்சு வாங்க ஏறி முடித்தபோது அருள்ராஜ் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் ஆபத்து. ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை நாற்காலியில் வைத்துக் கட்டி, படி படியாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் படவில்லை, ஆனால் அண்ணனின் மனது விட்டுப்போயிற்று. "மூட்டை மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போக வேணாம். செவ்வாக்கெழமையிலேர்ந்து நான் போகப் போறதில்ல," என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட நான் பயந்திருக்க மாட்டேன். அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடி மாடியாக இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அல்ஜீரியப் பெண்கள், போர்ச்சுகல் பெண்கள், ஆப்பிரிக்கப் பெண்கள். அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு கைப்பிடிதான். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் சொன்னார். ராத்திரி, அரிசி கொட்டி வைத்திருந்த எவர்சில்வர் குடத்தைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அக்கா, லிஃப்டுக்கும் குடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "எனக்குக் குடம் இல்லாம மறியல் பண்ணத் தெரியாதுடி," என்றார்.

திங்கட்கிழமை காலை, ரயில் நிலையத்துக்குப் பேருந்து போகும் சாலையின் நடுவில் அந்தக் குடத்தை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். சேலைக்கு மேல் அண்ணனின் கனத்த கோட்டு, தலையில் கம்பளிக் குல்லா. யாரும் வர மாட்டார்கள் என்றே நினைத்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வாளி, வாணலி, சக்கரம் வைத்த காய்கறிப் பை என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து குடத்துக்கு இரு பக்கமும் அடுக்கி உட்கார்ந்தார்கள். பாஸ்போர்ட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற நடுக்கத்தோடு நானும் உட்கார்ந்தேன். குளிர் எலும்பில் ஏறியது.

பேருந்து வந்து நின்றது. இனி வசவு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஓட்டுநரோ இன்ஜினை அணைத்து, இறங்கி, சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டார். அவர்கள் ஊரில் மறியல் நம்மைவிடப் பழைய விஷயம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் கேட்டதைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். "எந்தச் சங்கம்னு கேக்கறார்மா." அக்கா யோசிக்கவே இல்லை. "பதினோராம் மாடின்னு சொல்லு."

கொஞ்ச நேரத்தில் டை கட்டிய அதிகாரி ஒருவர் வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். அக்காவும் கொடுத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நாளைக்குக் கட்டாயம் சரி செய்துவிடுவோம் என்றார் அவர். ஸ்டெல்லா சொல்லி முடிப்பதற்குள் அக்கா தலையாட்டினார். "ரொம்ப சந்தோசம்னு சொல்லு. நாங்களும் நாளைக்கு எந்திரிக்கிறோம்." அந்த மனிதர் குடத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பின்னால் வரிசையாக நின்றுவிட்ட பேருந்துகளைப் பார்த்தார். மெக்கானிக்குகள் மத்தியானமே வந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் லிஃப்ட் ஓடியது.

எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் பார்த்திருக்கிறேன். அந்த நடுரோட்டில் அக்காவைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்ததுபோல் எங்கும் எனக்குச் சிலிர்த்ததில்லை. மொழி தெரியாது, சொந்தபந்தம் இல்லை, குளிர் வேறு. பயமாக இல்லையா என்று அன்று இரவு கேட்டேன். "பயந்தாங்கீது. அவுரு ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேன்னு சொன்னாரே, அது இதவிடப் பெரிய பயம்," என்று சொல்லிவிட்டு அரிசியை மறுபடி குடத்தில் கொட்டப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் சவரம் செய்து, கோட்டு போட்டுக்கொண்டு, தன் காலால் நடந்து லிஃப்டில் ஏறினார். கீழே அந்தப் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. அவர் ஒவ்வொருவருக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினார். அக்கா அவர் பின்னாலேயே போய்க் கழுத்துத் துணியைச் சரி செய்துவிட்டார். இவ்வளவு செய்தவர் அந்த ஒரு நிமிடத்தில்தான் அழுதார்.

நேற்று ஸ்டெல்லா மறுபடி பேசினாள். அடக்கம் வியாழக்கிழமை நடந்ததாம். வியாழன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நாள். இன்று வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை. "போகலன்னா உங்கம்மா எழுந்து வந்து ரோட்டுல உட்கார்ந்துடுவா," என்று மகளிடம் சொல்லிவிட்டு, காலையில் தானே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், டயாலிசிஸ் முடித்து, அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்கு வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றாராம்.

அக்கா நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. சேலை இல்லை, சேர்ந்து எடுத்த படம்கூட இல்லை. எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றுதான். நான் மறுபடி ஒருபோதும் போகவே போகாத அந்த ஊரில், பதினோராம் மாடியில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். நாளை செவ்வாய்க்கிழமை. அவர் கீழே இறங்குவார்.