யூஜினாவின் ரயரில் எவ்வளவு காற்று

யூஜினாவை ‘அன்ரி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. கூப்பிடுகிறவர்களுக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. காதில் விழாதது போல் செயினைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பெயரைச் சொன்னால்தான் நிமிர்வாள். இது திமிர் என்று கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஒழுங்கையில் ஒரு கட்சி, நியாயம்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் ஆள் குறைவு.

அவள் பிறந்ததும் கொட்டாஞ்சேனை, வாழ்க்கைப்பட்டதும் கொட்டாஞ்சேனை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் இருபது வருடமாகக் கிளாக் வேலை. புருஷன் கிளின்ரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நல்ல மனிதன், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவன். பெற்றோல் கியூவில் மூன்று நாள் ஸ்கூட்டியோடு நின்று, நாலாம் நாள் ‘பெற்றோல் இல்லை’ என்று பலகை தொங்கவிட்ட 2022இல்தான் அவர்கள் வீட்டுக்குச் சைக்கிள் வந்தது. பலகையைப் பார்த்ததும் யூஜினா ஸ்கூட்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, நேரே கிராண்ட்பாஸுக்கு நடந்து, ஸைத்தின் கடையில் போய் நின்றாள்.

யப்பானில் ஓடித் தேய்ந்து கொள்கலனில் வந்து சேரும் சைக்கிள்களை விற்கிறவன் ஸைத். கூடை வைத்த பெண்கள் சைக்கிள் ஒன்றை அவளுக்குத் துடைத்துக் காட்டினான். அவளுடைய கண்ணோ பின்னால் சுவரில் சாய்ந்து கிடந்த மவுண்டன் பைக்கில் விழுந்தது. சாம்பல் நிறம், பெரிய கட்டை ரயர், முன் சில்லைப் பிடித்தபடி அமுங்கி எழும்பும் போர்க்.

“மிஸ், அது மலையில ஓடுற சாமான். கொழும்பில எங்க மலை ஈக்கிது?” என்றான் ஸைத்.

“மலைக்குப் போக பஸ் இருக்குத்தானே,” என்றாள் யூஜினா.

அப்போது அது வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் செய்து முடிக்காமல் இருக்க ஏலாத பிறவி அவள். ஆறு மாதத்தில் பெற்றோல் வந்தது, ஸ்கூட்டி தூசு படிந்தது, யூஜினா மாதம் ஒரு ஞாயிறு ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்த் தேயிலைக்குள் ஓடத் தொடங்கினாள். மதினி பேர்ணடெற் கோயில் வாசலில் வைத்தே கேட்டாள், இந்த வயதில் விழுந்து காலை முறித்தால் யார் பார்க்கிறது என்று. “நீங்கதான்,” என்று சொல்லிவிட்டு யூஜினா பூசைக்கு உள்ளே போனாள்.

சைக்கிளை அவள் ஒவ்வொரு சாமானாக மாற்றினாள். கண்ட கண்ட பாகத்தை வாங்கிப் பூட்டுகிற ஆள் அல்ல. சட்டம் பழசாக இருந்தால் இருக்கட்டும், நிலத்தைப் பிடிப்பது ரயரும், ஆளை நிறுத்துவது பிறேக்கும்தானே என்பது அவளுடைய கணக்கு. முன்னுக்கு இருந்த மூன்று பல்சக்கரங்களையும் கழற்றி, முப்பது பல்லோடு ஒன்றே ஒன்றைப் போட்டாள். பின்னுக்குச் சாப்பாட்டுத் தட்டளவு பெரிய பல்சக்கரம், செங்குத்தில் உட்கார்ந்தபடியே ஏற. கம்பி பிறேக்கை எறிந்துவிட்டு, ஸைத் வேறொரு சைக்கிளில் இருந்து கழற்றித் தந்த எண்ணெய் பிறேக்கைப் பூட்டினாள். கடைசியாக ரயருக்குள் இருந்த ரியூபைப் பிடுங்கி எறிந்தாள்.

ரியூப் இல்லாமல் ஓடுவதென்றால் றிம்மின் உட்புறத்தில் காற்றுப் போகாத டேப் ஒட்டி, ரயருக்குள் ஒரு பாலை ஊற்ற வேண்டும். முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டையில் போய் உறைந்து அடைத்துவிடும். இறக்குமதித் தடை இருந்த காலம். கடையில் அந்தப் பால் இல்லை. உலகத்துக்கே றப்பர் அனுப்புகிற நாட்டில் இதற்கா பஞ்சம் என்று யூஜினாவுக்குக் கோபம் வந்தது. மத்துகமையில் றப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஸைத்தின் மச்சான் அமோனியா கலந்த றப்பர் பால் ஒரு கலன் அனுப்பிவைத்தான். அதை அவள் ஊற்றி வைத்தது தென்னை வினாகிரி இருந்த போத்தலில். நத்தாருக்குப் பன்றிக்கறி வைத்த வீடு, வேறு போத்தல் கைக்கு வரவில்லை. கழுவினதாகத்தான் நினைத்தாள். புளிப்புப் பட்டால் றப்பர் பால் திரைந்துவிடும் என்பது மத்துகமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கொட்டாஞ்சேனையில் யாருக்குத் தெரியும்? காலையில் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டி ஒன்று அசையாமல் குந்தியிருந்தது. கிளின்ரன் விழுந்து விழுந்து சிரித்தான். யூஜினா இன்னொரு கலன் எடுப்பித்தாள்.

பிறகு காற்று. எத்தனை இறாத்தல் அழுத்தம் வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மழை விட்ட மாலைகளில் கிராண்ட்பாஸ் பக்கம் வாய்க்கால் கரையின் சேற்றிலும் உடைந்த கல்லிலும் ஓடி ஓடிப் பார்த்தாள். முப்பது வைத்தால் சறுக்கியது. இருபது வைத்தால் றிம் கல்லில் இடித்தது. ஒவ்வொரு நாளும் என்ன வைத்தாள் என்பதைப் பங்குக் கலண்டரில் அந்தந்தத் திகதிக்குக் கீழே குறித்தாள். தவக்காலம் முழுக்க எண்கள். முன் சில்லுக்கு இருபத்திரண்டு, பின் சில்லுக்கு இருபத்துநாலு என்று உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின வாரம் முடிவுக்கு வந்தாள். அதற்குப் பிறகு மாற்றவில்லை.

இனி றொபேட். வெள்ளவத்தையில் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறவன், சைக்கிள்காரர் குழு ஒன்றுக்குத் தலைவன். வருடத்துக்கு ஒருமுறை ஹற்றனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் போட்டி வைப்பான். இருபத்தெட்டுக் கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாக ‘லேடீஸ் ரைட்’ என்று ஒன்று: ஆறு கிலோமீற்றர், தோட்டத்து லொறிப் பாதையில் போய், பழச்சாறு குடித்து, படம் எடுத்துத் திரும்புவது. இருபத்தெட்டில் ஒரு பெண்ணும் அதுவரை ஓடியதில்லை. கூடாதென்று சட்டம் இருக்கவில்லை. பெயர் கொடுக்கிற பெண்ணை றொபேட் சிரித்த முகத்தோடு ஆறுக்கு மாற்றிவிடுவான், அவ்வளவுதான்.

யூஜினாவின் பெயரையும் மாற்றினான். அவள் வெள்ளவத்தைக்கே போய், அவனுடைய மேசைக்கு முன்னால் நின்றாள்.

“நான் இருபத்தெட்டுக்குத்தான் பேர் குடுத்தனான்.”

“அன்ரி, உங்கட நல்லதுக்குத்தான். மழைக்காலம். மூண்டு மணித்தியாலம் உங்களுக்குக் காணாது.”

“காணாட்டி நான் பார்த்துக்கொள்றன். முடிச்சவங்கட பட்டியலில என்ட பேர் வரோணும். வராட்டி அது என்ட பிழையா இருக்கோணும், உங்கட பிழையா இருக்கக் கூடாது.”

றொபேட் பெயரைத் திருப்பி எழுதினான். அவளுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் ஒரு வரி. குழுவின் கந்தோர்ச் சுவரில் வருடாவருடம் ஒட்டுகிற, ஆண்களின் பெயராகவே நிறைந்த பட்டியல்.

போட்டி நாள் காலை தோட்டம் நனைந்து கிடந்தது. முதல்நாள் மழை. கிளின்ரன் இரவல் வாங்கிய வான் வண்டியில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, யாரும் தன்னோடு கதைத்துவிடக் கூடாது என்பது போல் வானுக்குள்ளேயே இருந்தான். வரிசையில் இருபத்தாறு ஆண்கள், இருபத்தேழாவது யூஜினா. தொடங்குமுன் றொபேட் ஒவ்வொரு சைக்கிளாகப் பரிசோதித்து வந்தான். பரிசோதனை என்றால் கொழும்பில் எல்லோரும் செய்கிறதுதான்: ரயரைப் பெருவிரலால் ஒரு அமத்து. கல்லாக இருந்தால் நல்ல ரயர், அமுங்கினால் காற்றில்லாத ரயர். காலிக்குப் போகும் பெருவீதியின் தாருக்கும் குழிக்கும் ரியூபோடு ஓடுகிறவனுக்கு அது சரி. ஈரமான வேருக்கும் களிமண்ணுக்கும் அந்தப் பெருவிரலுக்கு என்ன தெரியும்?

யூஜினாவின் ரயர் அமுங்கியது.

“காத்து இல்ல அன்ரி. பம்ப் அங்க இருக்குது, நாற்பது அடிச்சிட்டு வாங்க.”

“இருக்கிற காத்துப் போதும்.”

“மல்லி, அந்தப் பம்பைக் கொண்டா,” என்று றொபேட் யாரோ ஒரு தம்பியைக் கூப்பிட்டான். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

யூஜினாவுக்கு அந்தச் சிரிப்பு உச்சியில் ஏறியது. ஒரு தவக்காலம் முழுக்கச் சேற்றில் உருண்டு கண்டுபிடித்த எண்ணை ஒரு பெருவிரல் வந்து பொய்யாக்குகிறது. அவள் குனிந்து, பின் சில்லின் வால்வை விரலால் அழுத்தி, எல்லோரும் கேட்க ‘ஸ்ஸ்’ என்று இன்னும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டாள்.

“இப்ப இன்னும் நல்லா இருக்குது,” என்றாள்.

பம்ப் வரவில்லை. றொபேட் தோளைக் குலுக்கிவிட்டு விசில் ஊதினான்.

ஏற்றத்தில் ஆண்கள் முந்திப் போய்விட்டார்கள். அவள் எதிர்பார்த்ததுதான். முப்பது பல்லில் மெல்ல மெல்லச் சுற்றி, இறங்காமல், ஒரு வளைவைப் பார்த்து அடுத்த வளைவைப் பார்த்து ஏறினாள். மேலே காட்டோரத்தில் பாதை ஒற்றையடியாகக் குறுகி, வேரும் கல்லுமாகக் கீழே விழுந்தது. அங்கேதான் ஆட்களைக் கண்டாள். ஒருவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒருவன் தேயிலைக்குள் மல்லாந்து கிடந்தான், எழும்பி முழங்கையைப் பார்த்தான். நாற்பது அடித்த ரயர்கள் ஈர வேரில் பட்டதும் ஆளை விட்டுவிட்டு ஓடின. அவளுடைய ரயர் வேரின் மேல் மடிந்து, பிடித்து, உருண்டது. ஒவ்வொருவரைத் தாண்டும்போதும் “வழி விடுங்க” என்றாள். ஒன்பது பேரைத் தாண்டினாள். நெஞ்சு நிறைந்த சந்தோஷம் அவளுக்கு. சத்தம் போட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

இருபதாவது கிலோமீற்றரில் ஒரு கல் மதகு. வேகமாக வந்து இடதுபக்கம் வெட்டினாள். பின் ரயரின் ஓரம் ஒரு கணம் றிம்மை விட்டு விலகி, காற்றும் பாலும் ஒன்றாக வெளியே பாய்ந்தன. சில்லு தரையோடு ஒட்டியது.

இறங்கினாள். பக்கவாட்டில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. இருபத்துநாலு இருந்திருந்தால் இந்த மதகு ஒன்றும் செய்திருக்காது. வாய்க்கால் கரையில் இதைவிட மோசமான கல்லில் வெட்டியிருக்கிறாள். தின்றது அந்த ‘ஸ்ஸ்’. றொபேட்டுக்குக் காட்டுவதற்காகத் திறந்துவிட்ட காற்று. தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு கைப்பம்பை எடுத்தாள். அடித்தாள், ஒழுகியது. சில்லைச் சாய்த்துச் சுற்றி மிச்சப் பாலை ஓரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அடித்தாள். தோள் செத்துவிட்டது. பதினாலு நிமிடம் போனது.

அதற்குள் பின்னால் லொறி வந்து சேர்ந்தது. முடியாதவர்களை ஏற்றுகிற லொறி. அவள் தாண்டி வந்த ஒன்பது பேரும் சைக்கிளோடு அதற்குள் இருந்தார்கள்.

“அக்கே, நகின்ன,” என்று சாரதி சிங்களத்தில் ஏறச் சொன்னான்.

“எப்பா,” என்று மறுத்துவிட்டு யூஜினா சைக்கிளில் ஏறினாள்.

மிச்சம் எட்டுக் கிலோமீற்றரும் லொறி அவளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வந்தது. மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். கால் எரிந்தது. முடிவுக் கோட்டுக்கு வந்தபோது மூன்று மணித்தியாலம் ஆறு நிமிடம். பதாகையின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே அவிழ்த்திருந்தார்கள். வானை விட்டு இறங்கிக் கோட்டருகே நின்றிருந்த கிளின்ரனைக் கண்டாள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தான், அத்தனை பேருக்கும் முன்னால்.

றொபேட் கெட்டவன் அல்ல. அவளுடைய சேறு பூசிய முகத்தைப் பார்த்து உண்மையாகவே இரங்கினான். மேசையில் இருந்து ஒரு கப்பை எடுத்து நீட்டினான்.

“லேடீஸில முதலாமிடம் உங்களுக்குத்தான். பேரை அதில போடுறன்.”

“நான் அதில ஓடேல்லையே.”

“மூண்டு மணித்தியாலத்தோட இந்தப் பட்டியல் சரி, அன்ரி. நீங்க லேட்.”

“அப்ப லேட் எண்டு எழுதுங்க. பேரை எழுதி, நேரத்தையும் எழுதுங்க.”

“ரயர் போயிட்டுதாம். நான் சொன்னனான்தானே, நாற்பது அடிக்கச் சொல்லி.”

“நாற்பது அடிச்சவங்க லொறியில இருக்கிறாங்க,” என்றாள் யூஜினா. “என்ட பிழை வேற. உங்களோட கோவத்தில, இருக்க வேண்டிய காத்தை நானே எடுத்துவிட்டனான். ஆறு நிமிசம் பிந்தினது அதாலதான். அதை நான் ஒத்துக்கொள்றன். இருபத்தெட்டும் ஓடி முடிச்சனான், அதை நீங்க ஒத்துக்கொள்ளுங்க.”

அவள் பதாகைக்குக் கீழே சைக்கிளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விலகாமல் அதைச் சுருட்ட முடியாது. லொறியில் இருந்து இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையடிக்கு வந்தார்கள். அவர்களில் முழங்கை கிழிந்தவன் றொபேட்டைப் பார்த்து, “எழுதுங்க அண்ணே, எங்கள எல்லாம் விட்டுட்டுப் போன ஆள்,” என்றான்.

றொபேட் பேனையை எடுத்தான். பிறகு பதினேழு பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே எழுதினான்: யூஜினா, 3.06, பிந்தியது.

அவள் குனிந்து வாசித்துப் பார்த்தாள். கப் மேசையிலேயே இருந்தது.

வானில் சைக்கிளை ஏற்றும்போது கிளின்ரன் மெல்லக் கேட்டான், “அந்தக் கப்பை எடுத்திருக்கலாமே யூஜி? கடைசில பேர் போட்டிருக்கிறான், அதுவும் கோட்டுக்குக் கீழ.”

“ஓம், கடைசிதான்,” என்றாள் யூஜினா. “இருபத்தெட்டுக் கிலோமீற்றரில கடைசி.”