செருப்பை வெட்டி நிறுத்திய மைக்

ஒரு கல்யாணம் உங்கள் ஹெட்போனுக்குள் வைத்தே நின்றுபோயிருக்கிறதா? எனக்கு நடந்தது. போன வருஷம் சாரல் சீசன், தென்காசியில் ஒரு நிக்காஹ் வீடு, காலை பதினொரு மணி இருக்கும்.

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கல்யாண வீடுகளுக்கு சவுண்டு, லைவ் என்று திரிகிறவன். அன்றைக்கு வேலை ரொம்ப சிம்பிள். பெண்ணின் வாப்பாவுக்கு சவூதியில் லீவு கிடைக்கவில்லை. கீழே பந்தலில் ஆண்கள் நடுவே ஒரு பெரிய டிவியில் வீடியோ காலில் உட்கார்ந்திருந்தார். மணப்பெண் மாடியில், பெண்கள் அறையில். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வருகிறவரை வக்கீல் என்பார்கள். கோர்ட்டு வக்கீல் இல்லை. இங்கே அது பெண்ணின் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி. அவர் இரண்டு சாட்சிகளோடு போய்க் கேட்பார். மகள் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வாப்பாவின் ஆசை. பெண் குரல் பந்தல் ஸ்பீக்கரில் வரக்கூடாது. அவர் காதுக்கும், செக் பண்ண என் ஹெட்போனுக்கும் மட்டும்.

ஆளுயர ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பெண்ணின் மாமி வாசலிலேயே மறித்துவிட்டார். "இது என்னப்பா, கட்சி மீட்டிங்கா? கண்ணுல படாத மாதிரி ஏதாவது வை."

சரி என்று குட்டி ஸ்டாண்டை இரும்புக் கட்டிலில் வைத்தேன். யாராவது உட்காரும்போதெல்லாம் ஹெட்போனில் இடி விழுந்தது. தரையில் வைத்தேன். கீழே ஓடிய ஜெனரேட்டர் தரை வழியாக ஏறி, மைக்குக்குள் லாரி போகிற மாதிரி உறுமியது. விடுவேனா? ஒரு எவர்சில்வர் டப்பா, சம்படம் என்பார்களே, அதை வாங்கி அரிசியை நிரப்பி, நடுவில் நுனியை வளையமாக வளைத்த ஒரு குட்டைக் கம்பியை நட்டேன். தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு நாலு வாங்கி, கம்பியில் படாமல் மைக்கைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். சம்படத்துக்கு அடியில் வைக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமே? என் ரப்பர் செருப்பையே நாலாக வெட்டி வைத்தேன். மேலே மல்லிகைப் பூ. மைக் இருப்பதே தெரியவில்லை, உறுமலும் அடங்கிவிட்டது. செம கெத்தாக இருந்தது எனக்கு. அக்கா இந்தப் பூவைப் பார்த்துப் பேசினால் போதும், வாப்பாவுக்கு அப்படியே கேட்கும் என்று பெண்ணின் தங்கையிடம் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வந்து மாடிப்படியில் லேப்டாப்பை விரித்தேன்.

சாச்சா உள்ளே போய் மாப்பிள்ளை பெயரைச் சொல்லிச் சம்மதமா என்று கேட்டார். பதில் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. பெண் வெட்கத்தில் தலையாட்டுவாள், பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்காகச் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்டார். வளையல் சத்தம், எங்கோ ஒரு போன், பெண்களின் குசுகுசுப்பு. அத்தனையையும் தாண்டி, என் காதோரத்தில் மூச்சு மாதிரி ஒரு குரல்.

"வாப்பா, எனக்கு வேண்டாம். எத்தன வாட்டி சொன்னேன், யாரும் கேக்கல."

அடுத்த நொடி மாமியின் குரல் தூரத்தில் கேட்டது. சம்மதம் சொல்லிவிட்டாளாம். சாச்சா சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி இறங்கினார். நமக்கெதற்கு, நாம் வயர்காரன் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பந்தல் ஓரமாகப் போய் நின்றேன்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். டிவியில் வாப்பா அசையவே இல்லை. நெட் ஹேங் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் வாய் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஹஜ்ரத். மைக் வச்ச தம்பி எங்க?"

பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது.

"தம்பி, நீயும் கேட்டேல்லா? எம்மவ என்ன சொன்னா? என் காதையே என்னால நம்ப முடியல."

சாச்சா எப்போது என் பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. முழங்கையைப் பிடித்து, உதடு அசையாமல் சொன்னார். "ஏலே, லைன் சரியில்லன்னு சொல்லிருலே."

சொல்லியிருக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டிவியைப் பார்த்துச் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லிச்சு மாமா."

யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஹஜ்ரத் புத்தகத்தை மூடினார். "பொண்ணு சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாடி ஏறினார். அறையில் பெண்ணையும் அவள் உம்மாவையும் தவிர எல்லோரையும் வெளியே வரச்சொன்னார். வாசலுக்கு வெளியே நின்று அவரே கேட்டார். இந்த முறை ஹெட்போன் தேவைப்படவில்லை. அவள் பதில் படிக்குக் கீழே நின்ற எனக்கே கேட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கத்தினார்கள், பிறகு எழுந்து போனார்கள். மாப்பிள்ளை மட்டும் காரில் ஏறும் முன் சாச்சாவிடம், "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்றான்.

அவள் குரலைக் கேட்டதும் நான் முதலில் செய்த காரியம் ஹெட்போனைக் கழற்றியது. அதுதான் இன்னும் என்னைப் போட்டு உலுக்குகிறது. அந்த வாப்பா பந்தலில் வைத்துக் கேட்டிருக்காவிட்டால் நானாக வாயைத் திறந்திருப்பேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவள் இப்போது இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள்.